என் வியாழக்கிழமைச் சமையல்

போன கிழமை எங்கள் நகரத்து ஆற்றங்கரையில், பழைய வியாபாரி ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். நகரத் தலைவி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று வாசித்தார். இந்த வீதியின் செல்வம் அடிமை வியாபாரத்தால் வளர்ந்தது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, நகரம் இதை ஒப்புக்கொள்கிறது என்றார்.

என்னைக் கூட்டிப்போனவள் மரீசா. நான் சமைக்கும் முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். பிரேசில்காரி. அவளுடைய முன்னோரைக் கப்பலில் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். வாசித்து முடிந்ததும் என் ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் மறைப்பதற்கென்ன, எனக்குப் பொறாமையாக இருந்தது. பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தகடு சோறு போடாது. என் மகனை நிறம் பார்த்து ரயில் ஸ்டேஷனில் பொலிஸ் மறிப்பதும் நிற்காது," என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "ஆனாலும் சொல்லிவிட்டார்கள், பார்."

அந்தச் 'சொல்லிவிட்டார்கள்' தான் என்னைக் கடித்தது.

பிறகு வெங்காயம் வைத்துச் சுட்ட பலகாரம் சூடாகக் கொடுத்தார்கள். வதங்கிய வெங்காயத்தின் மணம் வந்தால் போதும், நான் எங்கே நின்றாலும் இன்டர்லாக்கன் என்ற சுற்றுலா ஊருக்குப் போய்விடுவேன். அகதியாக வந்து ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்த காலம் அது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மர வீட்டில் நாங்கள் நாலு யாழ்ப்பாணத்து ஆண்கள் இருந்தோம். மூத்தவர் குணம் அண்ணை. நல்ல மனிதர். முதல் பனிக்குத் தன் கம்பளிக் கோட்டை எனக்குத் தந்துவிட்டு, இரண்டு சுவெட்டரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், எந்த நாள் யார் சமைப்பது என்று அவர் எழுதிய பட்டியல் ஒட்டியிருக்கும். வியாழக்கிழமை என்னுடையது. என் மீன் சொதிக்கு மூன்று பேரும் சட்டியை வழிப்பார்கள்.

ஒரு ஞாயிறு, விருந்துக்கு வந்த ஒருவர் கேட்டார்: "தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?" நான் வெகுளி. கோயில், ஒழுங்கை, வாசிகசாலை என்று படம் கீறாத குறையாக விளக்கினேன். அடுத்த வியாழனுக்கு நேரே வேறு பெயர் இருந்தது.

"நீர் நாள் முழுக்க நிண்டு களைச்சுப் போறீர்," என்றார் குணம் அண்ணை. "சமையலை நாங்கள் பாக்கிறம். நீர் சட்டி பானையை மட்டும் கழுவிவிடும்."

என்ன கரிசனை! கூடப்பிறந்தவர்கள் தோற்றார்கள் என்று அப்பாவுக்குக் கடிதம்கூட எழுதினேன். அந்த 'எந்தப் பக்கம்' சாதியை விசாரிப்பது என்று இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில்தான் எனக்கு விளங்கியது. 'குணத்தின்ரை ஆக்கள் ஆரெண்டு தெரியுமோ? எங்கடை பூட்டன்ரை தகப்பனைக் காணியோடை சேர்த்து உறுதிப் பத்திரத்திலை எழுதி வித்த வீடு அது.'

தொடர்ந்து சட்டி கழுவினேன். உருளைக்கிழங்கு உரித்த கை பிறகு அடுப்புக்கு ஏறியது. உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தவர்கள் நான் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். ஊர்க்காரர் மட்டும் என் வீட்டில் கை நனைப்பதில்லை. அதெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். போன வருஷம் என் மகளைக் கேட்டு வந்த குடும்பமும் "ஊரிலை எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டது. பிறகு அவர்கள் டெலிபோனே எடுக்கவில்லை.

விழாவிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, இப்போது லாங்கன்தாலில் இருக்கும் குணம் அண்ணைக்கு டெலிபோன் எடுத்தேன். கலியாண வீடு, செத்த வீடு என்று இத்தனை வருஷமும் சிரித்துக் கதைத்திருக்கிறோம். இதை மட்டும் கதைத்ததில்லை. மரீசாவுக்குக் கிடைத்ததுபோல எனக்கு ஒலிவாங்கி வேண்டாம். அவர் வாயால் ஒரு வசனம் போதும்.

"அண்ணை, அண்டைக்கு ஏன் என்னைச் சமைக்க விடேல்லை?"

"எந்தச் சமையல், தம்பி?"

"இன்டர்லாக்கனிலை. வியாழக்கிழமை."

"ஆர் விடாதது? நீர்தானே களைச்சுப்போய் வாறனீர்."

"அதுக்கில்லை அண்ணை. என்ரை ஊர்ப்பக்கம் தெரிஞ்ச பிறகுதானே பேரை வெட்டினீங்கள்?"

"இப்ப ஏன் அதுகளைக் கிண்டுறீர்? அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை." பிறகு, என் கோபத்தை ஆற்றுவதுபோல, "நீர் நல்லாச் சமைப்பீர் எண்டு கேள்விப்பட்டனான்," என்றார்.

கேள்விப்பட்டாராம்!

அந்த மர வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது சுற்றுலா பஸ்கள் நிற்கின்றன. மற்ற இருவரில் ஒருவர் கனடாவில் காலமானார், மற்றவர் இங்கேயே மாரடைப்பில் போனார். அப்பாவின் கடிதம் வீடு மாறியபோது தொலைந்தது. அந்தச் சமையலறையில் நடந்ததற்கு இனி நாங்கள் இரண்டு பேர்தான் சாட்சி. அதில் ஒருவர், அது நடக்கவே இல்லை என்கிறார்.