சூட்டுப்பெட்டியும் தாய்மாமன் பிளெக்சும்

போடிநாயக்கனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, நானும் ஒரு விஞ்ஞானி என்ற நினைப்பு கொஞ்ச காலம் இருந்தது. சோலைமலை என்ற பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டு எழுதிப் பார்த்து ரசித்ததும் உண்டு. எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியால் வந்த வினை.

மலையில் பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறையில் விடிய விடியச் சூட்டில் வைக்க வேண்டும். அடுப்பு அணையாமல் விறகு தள்ள ஒருவர் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டும். நான் அடுப்புக்குப் பின்னால் பெட்டி வைத்து, உள்ளே கருங்கல் துண்டுகளை அடுக்கி, காற்று வளைந்து வளைந்து போக வழி விட்டேன். சாயங்காலம் எரித்த சூட்டைக் கல் பிடித்து வைத்துக்கொண்டு காலைவரை கொடுத்தது. முதல் தடவை ஒரு லோடு காயைக் கருக்கியதை நான் யாரிடமும் சொல்வதில்லை. போடிமெட்டுக்கு மேலே சில எஸ்டேட்டுகளில் பெட்டி ஏறியதும் எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது.

அப்போதுதான் என் மகள் பெரியவளாகிச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் பிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. என் மனைவியின் தம்பி காசிமாயன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிதாக வைத்தான். பிள்ளையின் படம் ஒரு ஓரம். நடுவில் கூலிங்கிளாசோடு நான். பின்னால் பெட்டியின் உள்ளமைப்பு முழுக்கப் படமாக. மேலே ‘சூட்டையே சிறைபிடித்த மச்சானே’ என்று வாசகம்.

அதன்பிறகு வெகுநாள் கழித்துத்தான் காப்புரிமை என்று ஒன்று இருப்பது தெரிந்து விண்ணப்பித்தேன். அடுப்பு செய்யும் வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆட்சேபம் போட்டது. ஆதாரம் அந்தப் பிளெக்சின் போட்டோ. விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியக் காட்டிய பொருளுக்கு உரிமை கிடையாதாம்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். மச்சினன் என் சம்மதம் இல்லாமல் பெட்டியின் படத்தைத் திருடிப் போட்டுவிட்டான் என்று நான் சொன்னால் பிழைக்க இடமுண்டு. நானும் சரி என்று தலையாட்டினேன்.

சென்னைக் காப்புரிமை அலுவலக விசாரணை வீடியோவில் நடந்தது. மேலே சலவைச் சட்டை, கீழே கைலியுடன் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கேமராவில் படாமல் என் மனைவி சந்திரவல்லி நின்றாள். அதிகாரி பிளெக்சைக் காட்டி, உங்கள் அனுமதியோடு வைத்ததா என்று கேட்டார்.

அச்சடிக்கும் முன் காசிமாயன் மாதிரியைக் கொண்டுவந்து காட்டியிருந்தான். காற்று போகும் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது என்று அவனைத் திட்டி, நானே திருத்திக் கொடுத்தேன். அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஓடினான். அவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நாந்தான் சார் குடுத்தேன். அம்புக்குறிகூட நான் போட்டதுதான்.”

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டது திரையில் தெரிந்தது.

விண்ணப்பம் தள்ளுபடியானது. இப்போது பக்கத்து ஊர் தேவாரத்தில்கூட என் பெட்டியைச் செய்கிறார்கள், என்னைவிட நேர்த்தியாக. வயிறு எரியத்தான் செய்கிறது. தள்ளுபடியான அன்றே முடிவு கேட்டுக் காசிமாயன் போன் செய்தான். தன் பிளெக்சால் வந்த விவகாரம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. சந்திரவல்லி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“தம்பி கேக்குறான். என்னன்னு சொல்லட்டும்?”

“அவன் வச்ச பிளெக்ஸை மெட்ராஸ் ஆபீசரே பார்த்துட்டு, மச்சான் நல்லா இருக்காருன்னு சொன்னாராம்னு சொல்லு.”

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே சொன்னாள்.