ருஃபோ பெயரில் ஒரு பக்கம்

எஸ்தான்சியா என்ற மீன்பிடி ஊரில் பெலிசாவைத் தெரியாதவர்கள் பலர் உண்டு. அவள் கணவன் ருஃபோவைத் தெரியாதவர்கள் இல்லை. மணிலாவிலும் துபாயிலும், கடலில் போகும் சரக்குக் கப்பல்களிலும்கூட ‘ருஃபோ கருவாடு’ என்றால் தெரியும். போனில் அந்தப் பெயரில் இருந்த பக்கத்தைப் பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

ருஃபோவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே அரை நாள் ஆகும். ஆனால் கேமராவைக் கண்டால் வாய் ஓயாது. மீன் காய்கிற மூங்கில் பரணிலிருந்து ஓரா மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “முதுகு கிழிச்சு, ரெண்டே வெயில்! மூணாவது வெயில் பட்டுதுன்னா இவன் என் மாமியா மாதிரி ஆயிடுவான், பல்லே எறங்காது!” என்பான். அவனைப் படம் பிடித்தவள் பெலிசா. சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கை ஆடும், படமும் ஆடும்.

கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதியதும் அவள்தான். யாராவது ஒரு கேள்வி கேட்டால் ருஃபோ எப்படிச் சொல்வான் என்று ஒரு கணம் யோசிப்பாள், அப்படியே எழுதிவிடுவாள். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண், அவன் பெயருக்குப் பின்னால் இருந்துகொண்டு ஐந்து வருஷம் ஊரையே சிரிக்க வைத்தாள். கணக்கு அவன் பெயரில் இருந்தது, போன் அவன் போன். அந்தப் பக்கத்தில் அவள் முகம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவளுக்கு அதுவே சௌகரியமாக இருந்தது.

மார்ச் மாதம் படகுத்துறையில் மீன் கூடையைத் தூக்கும்போது ருஃபோ விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் வாரமே பெலிசா அவன் போனை எடுத்து எழுதினாள்: ‘ருஃபோ போய்விட்டார். வேலை நிற்காது. மீன் வழக்கம்போல வரும்.’ இரக்கப்பட்டு வாங்கியவர்களே அந்த மாதம் நிறைய. இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நாற்பதாம் நாள் படையலுக்கு ருஃபோவின் அக்கா மகள் கிரிசெல் இலோய்லோ நகரத்திலிருந்து வந்திருந்தாள். ஆபீஸ் வேலை பார்க்கிற, விவரமான பெண். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது, அத்தையைத் ‘தியா’ என்று கூப்பிட்டுச் சொன்னாள்:

“தியா, போன வாரம் மாமா பொறந்த நாளு. விஷயம் தெரியாதவங்க ‘நூறு வருஷம் நல்லா இருங்க’ன்னு என்னென்னவோ எழுதியிருக்காங்க. பாக்கவே சகிக்கல. எறப்புச் சான்றிதழ அந்தக் கம்பெனிக்கு அனுப்பி, நினைவுக் கணக்கா மாத்தச் சொல்லிட்டேன். இனிமே மாமா பேர்ல எவனும் உள்ள பூந்து ஏமாத்த முடியாது.”

“நல்ல காரியம் பண்ணினம்மா,” என்றார்கள் எல்லோரும். பெலிசாவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் ருஃபோவின் போன் அவளைப் பக்கத்துக்குள் விடவில்லை. தன் போனிலிருந்து கிரிசெல்லைக் கூப்பிட்டாள்.

“நினைவுக் கணக்குக்குள்ள யாருமே போக முடியாது தியா. அதுக்குத்தானே மாத்துனது?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “பக்கத்த நடத்துறவங்கன்னு உங்க பேரும் அதுல இருக்குல்ல?”

“இல்லியே. எதுக்கு? அவரு போன்தான் என் கையில இருந்துச்சே.”

மறுமுனையில் கிரிசெல் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். “நீ என்னடி செய்வ, நல்லதுன்னுதானே செஞ்ச,” என்று பெலிசாதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

பக்கம் எங்கேயும் போகவில்லை. ருஃபோ அதில் மீனைத் தூக்கிக் காட்டியபடி பேசிக்கொண்டே இருந்தான். கீழே கேள்விகள் குவிந்தன. ‘ஒரு வாரமா பதில் இல்ல.’ ‘திருவிழாவுக்கு இருபது பெட்டி வேணும், யாராவது இருக்கீங்களா?’ பெலிசா தன் சொந்தப் போனில், யாரோ வழிப்போக்கர் மாதிரி, அதையெல்லாம் படித்தாள். தன் கணக்கிலிருந்து எழுதிப் பார்த்தாள்: ‘நான் ருஃபோவின் மனைவி. எனக்கு எழுதுங்கள்.’ அவள் கணக்கில் முகம் இல்லை, ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. அரை மணி நேரத்தில் யாரோ எழுதினார்கள்: ‘ஜாக்கிரதை. செத்தவர் பொண்டாட்டின்னு சொல்லி ஏமாத்துற கும்பல்.’ அதற்கு ஐம்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அடுத்த தெருவில் பெரிய கருவாட்டுக் களம் வைத்திருக்கும், ஊரே ‘மனாங்’, அதாவது அக்கா, என்று கூப்பிடும் புரிங் வந்து சத்தம் போட்டாள். “புதுசா ஒண்ணு ஆரம்பி, இண்டாய், எம் பொண்ணே. மூஞ்சியக் காட்டு. மூஞ்சியில்லாதவகிட்ட எவன் மீன் வாங்குவான்?”

புரிங்கே போனைப் பிடித்தாள். பெலிசா பரணுக்கு முன்னால் நின்றாள். “இது… ஓரா மீனு. ரெண்டு வெயில்…” அதற்குமேல் வரவில்லை.

“சிரிடி! பொணத்துக்கு ஜெபம் சொல்ற மாதிரி இருக்கு!”

சிரிப்பும் வரவில்லை. படத்தை அப்படியே போட்டார்கள். நம்பட்டும் என்று ருஃபோவின் புகைப்படத்தையும் மேலே வைத்தார்கள்.

நான்காம் நாள் மணிலாவிலிருந்து திருமதி அல்தாரெஸ் எழுதினாள். மாதம் தவறாமல் வாங்குகிறவள், ‘ருஃபோ’வோடு ஐந்து வருஷமாக வம்பளந்தவள். அந்தப் பெயரைப் பார்த்ததும் பெலிசாவுக்கு உயிர் வந்தது.

‘ருஃபோவை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுதுகிற அழகே தனி. அந்த நல்ல மனுஷன் படத்தைத் திருடி வியாபாரம் செய்கிறாயே, வெட்கமாக இல்லை?’

பெலிசா உடனே எழுதினாள்: ‘அதையெல்லாம் எழுதினது நான்தான் அம்மா. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகன் கனடாவிலிருந்து வந்துவிட்டானா?’

 பதில் வந்தது: ‘ஐயோ கடவுளே, நான் அவரிடம் சொன்னதையெல்லாம்கூடத் திருடிவிட்டீர்களா!’

அதோடு அந்தக் கதவு அடைத்துக்கொண்டது. அல்தாரெஸ் தன் தோழிகளிடமெல்லாம் சொல்லிப் புகார் கொடுக்க வைத்தாள். இரண்டு நாளில் கம்பெனிக்காரர்கள் புதிய பக்கத்தை எடுத்துவிட்டார்கள். செத்தவர் பக்கத்தைப் பார்த்துச் செய்த போலி என்று காரணம் சொன்னார்கள்.

கிரிசெல் விடவில்லை. திருமணச் சான்றிதழ், சர்ச் பாதிரியார் கடிதம் எல்லாவற்றையும் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்ததும் பஸ் ஏறி நேரிலேயே வந்தாள். புரிங்கும் கூட இருந்தாள். கிரிசெல் படித்துச் சொன்னாள்: பக்கத்தை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானால், கணக்கின் உரிமையாளர் தன் கணக்கிலிருந்தே கேட்க வேண்டும்.

“அவனயே கேக்கச் சொல்றானுங்களா?” என்று புரிங் கடகடவென்று சிரித்தாள். பெலிசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே பரணில் மீன் கிடந்தது. வாங்க ஆளில்லாமல் நான்காவது வெயில், ஐந்தாவது வெயில் என்று காய்ந்து, நிறம் மாறிவிட்டிருந்தது. பெலிசா அதைப் பார்த்தாள், பிறகு புரிங் பக்கம் திரும்பினாள்.

“மனாங், உங்க களத்துல மீன் கிழிக்க ஆள் வேணும்னீங்களே.”

“வேணும்தான்,” என்றாள் புரிங், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“எத்தன மணிக்கு வரணும்?”

“அஞ்சு மணிக்கு. கத்தி நீயே கொண்டா.”