காருக்குப் பின்னால் முழங்காலிட்ட காலை

சபையாருக்கு என் தோத்திரம். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால் எழுதித் தருகிறேன். இதில் பாதியைப் போதகர் முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, ஐப்பசி மழை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்தோம். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டியவர். காய்ச்சலில் போய்விட்டார். காரைப் பார்க்கச் சகிக்காமல் சாக்கைப் போட்டு மூடிக் கொட்டகையில் விட்டேன். பத்து மாதம் யாரும் தொடவில்லை.

அன்று காலை என் மகள் ரூத்துக்குத் தலைப்பிரசவ வலி. பிள்ளை வரவில்லை, ரத்தம்தான் வந்தது. மருத்துவச்சி, "இது என் கைக்கு மீறிப்போச்சிம்மா. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றாள். மழையில் பஸ் நின்றுபோயிருந்தது. மாட்டு வண்டியில் போனால் அவள் தாங்கமாட்டாள். இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

எளாவூரில் லாரி மெக்கானிக்காக இருந்த என் தம்பி தாவீது ஓடிவந்தான். பேட்டரியில் எஞ்சினைச் சுற்றும் அளவுக்குத் தெம்பில்லை. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். கெட்டுப்போன பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தான். எஞ்சின் இரண்டு தரம் இருமும், உடனே அடங்கிவிடும்.

"கரண்ட் வருது, பெட்ரோல் வருது, இன்னாதான் கேடு இதுக்கு? மாமா இருந்தா என் காதத் திருகியிருப்பாரு" என்றான், என் வீட்டுக்காரரை நினைத்து. அவன் உள்ளங்கை கிழிந்துவிட்டது. உள்ளே ரூத் கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

தம்பி முன்னால் ஜெபிக்க வெட்கப்பட்டுக் காருக்குப் பின்னால் போய் ஈரத்தரையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அவரை எடுத்துக்கொண்டீர், இவளை விட்டுவிடும்" என்றேன். கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு நேரே புகைக்குழாய். அதன் வாயில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டித் துணி.

அடைத்தவள் நான்தான். பூச்சி, எலி வராமல் நெல்லுப் பானையில் வேப்பிலை போட்டுத் துணியால் வாயை அடைப்போமே, அதே கைப்பழக்கத்தில் காரை மூடிய அன்று அடைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

பிடுங்கி எறிந்தேன். காய்ந்த இலை கொட்டியது. "வண்டிய இன்னா பேயா புடிச்சிக்கினு இருந்துச்சி, வேப்பில அடிக்க? பொக போவ வழியில்லன்னா எப்பிடிக்கா ஓடும்?" என்றான் தாவீது. அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ரூத் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்" என்று நர்ஸம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஜெபித்தேன், கார் ஓடியது என்று மட்டும்தான் போதகரிடம் சொன்னேன். துணியைச் சொல்லவில்லை. வருஷக்கணக்காய் அதை மறைத்தே வைத்திருந்தேன். போன ஈஸ்டருக்கு முன்னால் ரூத்திடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்மா. ஆஸ்பத்திரியிலயே தாவீது மாமா சொல்லிட்டாரு. நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஒரு பிடி கீரையை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் ஆய்ந்தோம்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். என் தப்பைக் கண்முன் காட்டித்தான் கேட்டார். மகளைத் தந்தார். பிள்ளையை ஏன் தரவில்லை என்று கேட்டுக்கொண்டேதான் தோத்திரம் சொல்கிறேன். நீங்களும் எதையும் ஒளிக்காமல் அவரிடம் போங்கள். தள்ளமாட்டார்.

தாவீது இப்போது ஆரணியில் இருக்கிறான். முதலில் பெட்ரோலை வடித்தானா, பிளக்கைக் கழற்றினானா என்று யாராவது அவனைக் கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். துணி விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.