முடி சுற்றிய ஆணி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கொட்டகலையில் எனக்கு ஒரு சின்னத் தச்சுப் பட்டறை. தேயிலைத் தோட்டங்களில் இடித்த லயத்து வரிசை வீடுகளில் கழற்றும் கதவு, பலகைகளை வாங்கி மேசை, அலுமாரி செய்வோம். நானும் என் தங்கை ராணியின் புருஷன் செல்வமும்தான். வார்னிஷ் நாற்றம் செல்வத்துக்கு மூச்சை அடைக்கும், அதனால் அதைத் தொடுவதில்லை. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்துச் சாயமாகப் பூசுவோம். பலகையிலிருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை மேலே தடவினால் மரம் கறுத்துவிடும். கடைசியில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். விஷம் கிடையாது, வெறுங்கையாலேயே தேய்க்கலாம்.

நோர்வூட் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து ஒரு கதவு வந்தது. அதில் ஓர் ஆணி மட்டும் வர மறுத்தது. நெம்பி எடுத்தேன். அதைச் சுற்றி நீளமான முடி இறுக்கிச் சுற்றியிருந்தது.

செல்வம் தள்ளி நின்றான்.

"மச்சான், அது யாரையோ கட்டி அடிச்ச ஆணி. இருந்த எடத்துலயே திரும்ப அடிச்சிருங்க."

"பேய் வந்தா ஒன்னயத்தான் புடிக்கும் மாப்புள. நீதான் கொழுத்துப் போய் இருக்க."

"ஒங்க தங்கச்சி புடிச்சதுக்கு அப்பறம் இன்னொன்னு புடிக்க எங்க எடமிருக்கு?"

உள்ளே அடுப்படியிலிருந்து ராணி ஏதோ திட்டினாள். சிரித்தோம். முடியை அறுத்து எறிந்துவிட்டு அந்த ஆணியையும் வினாகிரிப் போத்தலுக்குள் போட்டேன்.

கதவு மேசையானது. மத்தியானம், வெளியே மழை. தேயிலைச் சாயம் காய்ந்திருந்தது. அதன்மேல் நான் ஆணித் தண்ணீரைக் கையால் தடவினேன், எதிர்ப்பக்கம் செல்வம் துணியால் துடைத்துக்கொண்டு வந்தான். மரம் கறுத்தது. என் கையும் மணிக்கட்டு வரைக்கும் கறுத்தது. அதற்குப் பிறகு என் கை உளி தட்டுகிற கொட்டாப்புளியை எடுத்தது. நான் எடுத்தேன் என்று சொல்ல முடியவில்லை, கை எடுத்தது.

முதல் அடி செல்வத்தின் தோளில். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது காதோடு சேர்த்து. இரத்தம் மேசை மேல் தெறித்தது. நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், கை மறுபடியும் மேலே போகிறது, நம்புங்கள் நம்பாமல் போங்கள், வாயைத் திறந்து அவனை ஓடச் சொல்லக்கூட முடியவில்லை. என்னை ஒரு கையால் தூக்கி எறியக்கூடிய ஆள் அவன். எறியவில்லை. மூலையில் குந்திக்கொண்டு கும்பிட்டான்.

"இனிமே அடிக்க மாட்டேன் முத்தாயி... ஆத்தா சத்தியமா இனிமே ஒன்ன அடிக்க மாட்டேன்..."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் முத்தாயி என்று யாரும் இல்லை. அவன் ராணியை ஒருநாளும் கைநீட்டி அடித்தவனும் இல்லை. நான் அவன் தலைக்குக் குறி வைத்தேன்.

"அண்ணே! ஐயோ, செத்துருவாருண்ணே!"

ராணி அடுப்பில் கொதித்த சாயப்பானையைத் தூக்கிவந்து என் கையில் கொட்டினாள். தோல் வெந்தது. கொட்டாப்புளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் என்னால் கத்த முடிந்தது.

செல்வம் பிழைத்தான். ஒரு காது கேட்காது. பலகை சரிந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். மேசையை நான் எரித்தேன். கதவை விற்றவனிடம் கேட்டேன், அந்தக் கதவு போட்டிருந்த லயக் காம்பரா ரொம்பக் காலம் பூட்டிக் கிடந்தது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

செல்வத்துக்கு அடி ஞாபகம் இருக்கிறது, பேசியது ஞாபகம் இல்லை. "யாரு மச்சான் முத்தாயி? ராணி தொளைக்கிறா," என்று ஒருநாள் கேட்டான். நான் பேச்சை மாற்றினேன்.

இப்போதும் என்னோடுதான் வேலை செய்கிறான். சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவான். அது நியாயம். என் தூக்கம் கெடுவது அதனால் இல்லை.

அவனை அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும், உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. காலையிலிருந்து சுமந்த தேயிலைக் கொழுந்துக் கூடையை நிறுக்கிற இடத்தில் இறக்கும்போது நெற்றியில் அழுந்தின கயிறு தளருமே, அப்படி.

நான் ஒருநாளும் கூடை சுமந்தவனில்லை.