கியோட்டோ சந்தில் ஒரு கோவிந்தா

அன்றைக்குக் கியோட்டோவில் அந்தக் கடைக்குப் போனவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஸ்ரீரங்கத்து நண்பன். வராதவர்கள் அப்பாவும் தங்கையும். அப்பாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன். "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, நாத்து விட்டாச்சு. வயலச் சுருட்டிப் பொட்டில வச்சு எடுத்துக்கிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு, லால்குடிப் பக்கத்து எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டார். தங்கைக்குக் கல்லூரியில் பரீட்சை. விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் போயிருந்த நண்பன்தான் திரும்பி வரும்போது திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான்.

வந்த நாளிலிருந்து அம்மா வெளியே ஒரு வாய் சாப்பிடவில்லை. புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. இந்த ஜப்பான் நாட்டிலோ வெறும் கீரைத் தண்ணி போலத் தெரிகிற சூப்பில்கூட மீன் சாறு கலந்திருக்கும். அதனால் என் ரைஸ் குக்கர்தான் அம்மாவுக்கு ஓட்டல். எனக்கோ சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து ஓர் ஆசை. நான் வேலை பார்க்கிற நாட்டில், நல்ல கடையில், அம்மாவை உட்கார வைத்து என் காசில் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அவள் ஊருக்குத் திரும்ப இன்னும் சில நாள்தான் இருந்தது.

வழி காட்டியவன் நண்பன். கியோட்டோவில் ஒரு வீகன் கஃபே. "மீன் கிடையாது, முட்டை கிடையாது, பால்கூடக் கிடையாதுடா. முன்னாடியே சொல்லிட்டா வெங்காயம் பூண்டும் போட மாட்டா. இந்த ஊர்ல நான் இன்னும் உசிரோட இருக்கேனே, அதுக்கு அந்தக் கடைதான் காரணம்," என்றான். ரொம்ப அழகான கடை, சின்ன இடம், இடம் கிடைப்பதே கஷ்டம். எப்படியோ சனிக்கிழமை மதியத்துக்கு மூன்று பேருக்குப் பதிவு செய்துவிட்டேன். தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நின்றபடியே அந்தக் கடையின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை என்று பார்த்தேனே தவிர, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என்று பார்க்கவில்லை.

காலையில் குளியலறைக் கதவு திறந்தது. அம்மா மஞ்சள் புடவையில் தலை முழுகி நின்றாள். கையில் எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு. அதில் பளிச்சென்று நாமம் போட்டு, கழுத்தில் துளசிக் காம்பு ஒன்றை நூலால் கட்டியிருந்தாள்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"பொட்டில வந்துச்சு."

நண்பன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "ஏர்போர்ட்ல பையைத் திறக்கச் சொன்னப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அஸ்திச் சொம்பான்னு கேட்டாண்டா ஒருத்தன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா கைநாட்டு. அம்மா பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் வைத்துத்தான் திருச்சி வண்டியைக் கண்டுபிடிப்பாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு நான் தாலுகா ஆபீசுக்கு அலைந்த வருஷம், அவள் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை படித்து ஆளாகிவிட்டால், வருஷா வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை சொம்பு எடுப்பேன் என்று. சொம்பு எடுப்பதென்றால், நாமம் போட்ட சொம்போடு வாசல் வாசலாகப் போய் "கோவிந்தா" என்று நிற்க வேண்டும். குறைந்தது மூன்று வீட்டு அரிசியாவது விழ வேண்டும். அதைத் தன் கையால் பொங்கி, பெருமாளுக்குத் தளிகை போட்டு, நாலு பேருக்குக் கொடுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். ஒரு வருஷமும் அம்மா விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட அப்பாவின் டிவிஎஸ் பின்னால் உட்கார்ந்து போய் வந்தாள்.

"என் அரிசி ஒரு பிடி, இவன் அரிசி ஒரு பிடி, கீழ் வீட்ல ஒரு பிடி. ஆச்சுல்லம்மா?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல திங்கறீங்க. அது எப்படிடா ரெண்டு வீடாவும்? அதுவும் என் பிள்ளை வீட்ல நானே பிச்சை எடுக்கறதா?"

கீழ் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்வதற்கு மேல் பழக்கமில்லை. குப்பையைத் தப்பான நாளில் வைத்தாலே சீட்டு ஒட்டுகிற ஊர். அங்கே போய் அம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தால் என்ன ஆகும்? அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"இந்த வருசம் உன் தங்கச்சி தூக்கட்டும்னு சொன்னேன். 'என் வேண்டுதல நான்தான் தீர்ப்பேன்'னுட்டு சொம்பையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா," என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், எப்படியாவது சாப்பிட வச்சிரு. நேத்து ராவுலேர்ந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்டா," என்றார்.

அம்மாவே முடிவு சொன்னாள். "நீ ஆசையா சொல்லி வச்ச கடை. நான் வரேன். நீங்க சாப்பிடுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பொழுது போறதுக்குள்ள பெருமாள் வழி விட்டா விடட்டும்." சொம்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. பழைய மரவீடு, வாசலில் நீல நிறத் துணித் திரை. உள்ளே போனோம். வெள்ளைச் சுவர், தேவதாரு வாசம், கடையின் முழு நீளத்துக்கு ஒரே பலகையில் செய்த சாப்பாட்டு மேடை. ஒரு சின்னப் பாட்டிலில் ஒற்றைப் பூ. அவ்வளவுதான் அலங்காரம். மேடைக்கு அந்தப் பக்கமே சமையல்கட்டு. தட்டுகளில் இரண்டு ஒரே மாதிரி இல்லை, எல்லாம் கையால் வனைந்த மண் தட்டு. படத்தில் பார்த்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அம்மா நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். "கோயில் மாதிரி சுத்தமா இருக்குடா," என்றாள்.

"வாங்கம்மா, பசும்பால் வாசனை பட்டாலே கதவைச் சாத்திடற கோயில்," என்றான் நண்பன்.

"ஏன் தம்பி, தயிர் மோருகூட இல்லீங்களா? இவங்க எல்லாம் யாருக்கு வெரதம் இருக்காங்க?"

"விரதம் இல்லம்மா, எப்பவுமே இப்படித்தான். மாட்டைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு."

"அப்ப மாடு கறக்கற இவங்கப்பா இங்க வராததே நல்லது," என்று சிரித்தாள். சிரித்த கையோடு தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அந்த மிடறைப் பார்த்ததும் எனக்கு முன்னால் வைத்த மெனு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

கடையை நடத்துகிறவர் ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மாள். குட்டை முடி, அவுரி நிற ஏப்ரன். மூன்று பேரில் இரண்டு பேருக்குத்தான் சாப்பாடு என்றதும் அவர் முகம் மாறியது. உணவில் ஏதாவது குறையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லப் போய், எனக்குத் தெரிந்த தொழிற்சாலை ஜப்பானிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போல்ட், நட், பாதுகாப்பு விதி எல்லாம் அந்த மொழியில் சரளமாக வரும். வேண்டுதலுக்கும் பிச்சைக்கும் வார்த்தை தேடித் திணறினேன். அம்மா நான் படுகிற பாட்டைப் பார்த்து, துண்டை அவிழ்த்துச் சொம்பை மேடைமேல் வைத்தாள்.

அந்த அம்மாள் கையிரண்டையும் வாய்மேல் வைத்துக்கொண்டார். "தகுஹட்சு!" என்றார்.

இங்கேயும் புத்தத் துறவிகள் பாத்திரத்தோடு வீதியில் வந்து வாசலில் நிற்பார்களாம். அதற்குப் பெயர் அது. அவருடைய சின்ன வயசில் இந்தச் சந்துக்கு வருவார்களாம். அவர் உள்ளே ஓடி, தவிடு போகாத பழுப்பு அரிசியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். அம்மா சட்டென்று எழுந்து, நாற்காலியைத் தள்ளி, வாசல் திரைக்கு வெளியே போய் நின்றாள். வாசலில்தானே வாங்க வேண்டும்!

"கோவிந்தா!"

எங்கள் ஊர்த் தெருவில் விடுகிற அதே குரல். மேடையின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடியின் சாப்பாட்டுக் குச்சி அந்தரத்தில் நின்றது. அரிசி சொம்பில் விழுந்த சத்தம் எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. ஒரு வீடு ஆயிற்று.

அந்த ஜோடிக்கும் விஷயம் தெரிந்து உற்சாகமாகிவிட்டது. கடைக்காரம்மாளிடம் அரிசி கேட்டு வாங்கித் தாங்களும் போட வந்தார்கள். அம்மா சொம்பின் வாயைக் கையால் மூடிவிட்டாள். "ஒரே பானை அரிசிய மூணு கை போட்டா மூணு வீடாகிடுமா? சொல்லுடா அவங்ககிட்ட, கோவிச்சுக்காம."

"பெருமாளே ஒத்துண்டாலும் உங்கம்மா ஒத்துக்க மாட்டா," என்றான் நண்பன்.

நான் சொன்னதும் கடைக்காரம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். எதிரே சோயாப் பாலில் டோஃபுக் கட்டி செய்து விற்கிற கடை. இவர் குரல் கொடுக்க, ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் ஈரக் கையோடு வந்தார். அம்மா "கோவிந்தா" என்றாள். அவர் கையைத் துடைத்துவிட்டு வெள்ளை அரிசி கொண்டுவந்தார், போட்டுவிட்டுக் கைகூப்பினார். அடுத்தது முடி வெட்டுகிற கடை. அந்தக் கடைக்காரரிடம் அரிசி இல்லை. துறவிக்குப் போடுகிற பழக்கத்தில் நூறு யென் நாணயத்தைச் சொம்பில் போட்டுவிட்டார். நான் எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"தொடாதடா! அது திருவெள்ளறைப் பெருமாள் உண்டியலுக்கு," என்றாள் அம்மா. "ஆனா கணக்குல சேராது. இன்னும் ஒரு வீடு."

சந்தின் கடைசி வீட்டுக் கதவு திறக்க நேரமாயிற்று. பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போனார். எவ்வளவு நேரமாகியும் வரவில்லை. வர மாட்டாரோ என்று திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். வந்தார். கையில் குண்டு குண்டாகப் பசையரிசி. சொம்பு கழுத்துவரை நிறைந்தது. அம்மா அதைத் தலைமேல் தூக்கி "கோவிந்தா!" என்றாள். இந்த முறை கடைக்காரம்மாளும் கூடவே சொன்னார். நானும் கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் தெருவில் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

பொங்குவதும் தன் கைதான் என்றதும் அம்மாவுக்கு ஓர் ஏப்ரன் வந்தது. மஞ்சள் புடவைக்குமேல் அவுரி நீலம். மூன்று அரிசியையும் ஒன்றாகக் கழுவி மண்சட்டியில் ஏற்றினாள். நெய் கேட்டாள். நெய் ஏது அந்தக் கடையில்? கடைக்காரம்மாள் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினார். அம்மா மோந்து பார்த்து, "அட, நம்ம நல்லெண்ணெய்!" என்றாள். வாழையிலைக்குப் பதில் ஏதோ மரத்தின் பெரிய காய்ந்த இலை வந்தது. பொங்கல் குழைந்து, கொஞ்சம் பழுப்பாய், கொஞ்சம் பசையாய், இலையில் இறங்கியது.

"எந்தப் பக்கம்டா நம்ம பெருமாள்?"

நண்பன் போனில் திசை பார்த்தான். "மேற்கால, கொஞ்சம் தெற்கு. நீங்க பண்ணுங்கோ அம்மா. எங்க ஸ்ரீரங்கத்துப் பெருமாள் எங்கேயும் போகலை, படுத்துண்டுதான் இருக்கார்." கேலி பேசியவன் கண்ணை மூடி முணுமுணுத்து, பெருமாளுக்கு அமுது காட்டி முடித்தான்.

அதற்குள் கடைக்காரம்மாள் சந்துக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டிருந்தார். அம்மா எல்லோருக்கும் ஒரு கரண்டி வைத்தாள். கடைக்காரம்மாளுக்கு, அந்த ஜோடிக்கு, டோஃபுக் கடைக்காரருக்கு, நாணயம் போட்டவருக்கு, பூனை வீட்டுக்காரருக்கு. எல்லோரும் வாயில் வைத்த பிறகுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் ஆறு சின்னக் கிண்ணங்கள் வந்தன. எள் போட்டு அரைத்த கீரை, மிசோ என்கிற சோயா விழுது தடவிச் சுட்ட கத்தரிக்காய், டோஃபு, தாமரைக் கிழங்கு, பூசணி, கடற்பாசிச் சூப். நடுவில் அவளுடைய பொங்கல். அம்மா குச்சியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்தாள். கத்தரிக்காயை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தித்திப்பா இருக்கு. ஆனா நல்லாருக்குடா." ஒவ்வொரு கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டாள். நான் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிக் காட்டினேன். அவர், "மோரு ஊத்தச் சொல்லு!" என்றார். கடையே சிரித்தது, என்ன என்று புரியாமலே.

ஒரு சாப்பாடு இரண்டாயிரத்து இருநூறு யென். மூன்று பேருக்கு ஆறாயிரத்து அறுநூறை எண்ணி நான் தட்டில் வைத்தேன். கடைக்காரம்மாள் ஒரு பகுதியை எடுத்து என் பக்கமே தள்ளினார். வாசலில் பாத்திரத்தோடு வந்து நின்றவரிடம் காசு வாங்கும் வழக்கம் இல்லை என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன், தலையைக் குனிந்து குனிந்து கேட்டேன். அவர் என்னைவிடத் தாழக் குனிந்து மறுத்தார்.

"என்னடா சொல்றாங்க? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள் அம்மா.

நண்பன் முந்திக்கொண்டான். "உங்க பிள்ளை உங்களுக்கு வாங்கிக் கொடுக்கணும்னு நெனச்ச சாப்பாட்டுக்கு மட்டும் காசு வேண்டாமாம். எனக்கும் அவனுக்கும் மட்டும்தான். நாலாயிரத்து நானூறு யென்."