கதவுப் பிடியில் தொங்கிய சோடி

பிஸ்ரலை இவர் வாங்கி வந்தது எனக்காகத்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் கணவரைப் பற்றிப் பிழையாக நினைப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் இக்காஸ்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. இவருக்குத் துணி ஆலையில் வேலை. நான் வீட்டில் தனியே. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ எறிந்த பியர்ப் போத்தல் குசினி யன்னலை உடைத்துக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் விழுந்தது. பொலிசுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. எந்தக் காரணத்துக்காகவேனும் பொலிஸ் கடுதாசியில் எங்கள் பெயர் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நம்பியிருந்தோம்.

அடுத்த கிழமை இவர் பழைய சாமான் சந்தையிலிருந்து அதைக் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், நல்ல பாரம். குழாய்க்குள் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. சுடாது. அலுமாரியில் அழகுக்கு வைக்கிற சாமானாம்.

"இஞ்சரும், இப்பிடிப் பிடியும். கை நடுங்கக் கூடாது," என்றார்.

"சுடாததைப் பிடிச்சு என்ன செய்யிறது?"

"காட்டினாப் போதும். பாக்கிறவனுக்குத் தெரியுமே?"

"அவனிட்டச் சுடுறது இருந்தா?"

"உண்மையானது வேணுமெண்டா வேட்டைக்காரற்ற வகுப்புக்குப் போகவேணும், சோதினை எடுக்கவேணும். எனக்குக் கடையில டெனிஷில பாண் வாங்கவே வாய் வராது. துவக்குச் சோதினை எடுக்கட்டோ?"

சிரித்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஊரில் ஆமி சுற்றிவளைக்க வருகிறது என்று கேள்விப்பட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு மரத்துவக்கைக்கூட வாங்கி அடுப்பில் வைத்தவள் நான். வருகிறவன் அது மரமா இரும்பா என்று தட்டிப் பார்த்துவிட்டா சுடுவான்?

இவர் அதை வாசலடிச் சப்பாத்து அலுமாரியில், ஒரு றப்பர் பூட்ஸுக்குள் செருகி வைத்தார்.

அடுத்த வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். உயரமான ஆள், பச்சைக் கோட்டு. இலை கொட்டத் தொடங்கியதும் நாயோடும் நீளத் துவக்கோடும் வயலுக்குப் போவார். வேட்டைதான் என்று தெரியும். தெரிந்தும், வெடிச் சத்தம் கேட்டால் நான் கையில் அகப்பையோடு குசினித் தரையில் குந்திவிடுவேன். ஒரு நாள் யன்னலில் என்னைக் கண்டு அவர் கையை உயர்த்தினார். நான் திரையை இழுத்து மூடிவிட்டேன். அதன்பிறகு அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கோபித்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் இவர் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். வெளிப் பிடியில், ஒரே கயிற்றில் கழுத்துக் கட்டப்பட்டு, இரண்டு காட்டுக்கோழிகள் செத்துத் தொங்கின. ஒன்று நீள வாலோடு பளபளவென்று. மற்றது மண் நிறம். படியில் இரத்தத் துளிகள்.

"ரெண்டு. ஒரு சேவல், ஒரு பேடு. விளங்குதோ?" என்றார் இவர்.

எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் நாங்களும் இரண்டு பேர்தான். எங்கள் ஊரில் சாப்பாடு கொடுக்கிறவர்கள் மூடிக் கொண்டுவந்து, படலையில் நின்று கூப்பிட்டுக் கையில் தருவார்கள். செத்ததைக் கதவில் கட்டிவிட்டுச் சொல்லாமல் போகிறவன் வேறு செய்தி சொல்கிறான்.

இவர் பூட்ஸுக்குள் கையை விட்டார்.

"அந்தக் கிழவனுக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு வாறன்."

"ஐயோ, விசா..."

"உயிர் இருந்தாத்தானே விசா!"

பிஸ்ரலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தார். நான் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினேன்.

கிழவர் தன் கொட்டில் வாசலில், மேசையில் துவக்கை வைத்து எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் பத்தடி தள்ளி நின்றார். கை கோட்டுக்குள். கிழவர் நிமிர்ந்து ஏதோ கேட்டார். இவர் கையை அசைத்தார். கோட்டு விலகி, கறுப்புப் பிடி பாதி வெளியே தெரிந்தது. அதைக் கண்டதும் கிழவரின் கை துவக்கின் மேல் அப்படியே நின்றது.

எங்கள் மூன்று பேரில், அந்தப் பிஸ்ரல் சுடாது என்று தெரியாத ஒரே ஆளிடம்தான் சுடுகிற துவக்கு இருந்தது.

"வேண்டாம்!" என்று கத்தினேன். தமிழில்தான். நாய் குரைத்தது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் இவருடைய மணிக்கட்டை இரு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

கிழவர் மெதுவாகத் துவக்கை எடுத்தார். அவர் அதை நடுவில் மடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். இரண்டு குழாயிலும் வானம் தெரிந்தது. வெறும் குழாய்கள். பிறகு சுவரைக் காட்டினார். அங்கே ஆணியிலும் அதேபோல ஒரு சோடி தொங்கியது. இறகு பிடுங்குவதுபோல விரலை அசைத்து, வாயருகே கொண்டுபோய், எங்கள் வீட்டைக் காட்டினார்.

எனக்கு நன்றி சொல்ல ஒரு டெனிஷ் சொல் தெரியும். "தக்," என்றேன்.

வீட்டுக்கு வந்து இவர் கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நான் இறகு பிடுங்கித் தூள் போட்டுக் கறி வைத்தேன். சாப்பிடும்போது இவருடைய பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். கடுகைவிடச் சற்றுப் பெரிய ஈய உருண்டை, கோழியைச் சுட்ட சன்னம்.

"இது உண்மையானது," என்றார்.

கிழவர் பிஸ்ரலைக் கண்டுவிட்டார். பொலிசுக்குச் சொல்லுவாரா? ஞாயிறு முழுக்க அதுதான் மனதில். புதைக்கலாம், ஆனால் புதைத்ததைக் கண்டெடுத்தால் இன்னும் மோசம். திங்கள் காலை இவர் வேலைக்குப் போனபிறகு, ஒரு கோப்பையில் மிச்சக் கறியைப் போட்டு மூடினேன். பிஸ்ரலைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தேன். கிழவரின் வாசலில் நின்று கூப்பிட வாய் வரவில்லை. இருமினேன். நாய்தான் கூப்பிட்டது.

முதலில் கறியைக் கொடுத்தேன். பிறகு பையை. அவர் துவாயை விரித்து, கையில் தூக்கிப் பாரம் பார்த்து, குழாய் வாயை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார். நான் அதைக் காட்டி, "டுமீல்," என்று சொல்லி, இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டிலுக்குள் கொண்டுபோய் இடுக்கியில் இறுக்கி, இரும்பறுக்கும் வாளால் இரண்டாக அறுத்தார். முடியும்வரை நின்றேன். துண்டுகளைப் பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டார்.

பின்னேரம் இவர் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"கறியோட அதையும் குடுத்திட்டீரோ?"

"ஓம்."

"இனி ஆரும் யன்னலை உடைச்சு வந்தா என்னத்தைக் காட்டுவீர்?"

"கத்துவன்."

"நீரோ? அந்த நாயைக் கண்டாலே வெக்கப்படுற ஆள்."

"சனிக்கிழமை கேக்கேல்லையோ?"

"கேட்டது, கேட்டது. காது இன்னும் அடைச்சுக்கொண்டு கிடக்கு."

விசா மார்கழியில்தான் வந்தது. அதுவரை வீட்டுக்கு முன்னால் ஒரு கார் வேகம் குறைத்தாலும் நான் திரைக்குப் பின்னால் போய் நிற்பேன். பொலிஸ் வரவேயில்லை. கறி கொடுத்த அந்தக் கிழமை எங்கள் கதவுக்கு வந்தது என் கறிக்கோப்பை மட்டும். கழுவித் துடைத்து, ஒரு பையில் போட்டு, வெளிப் பிடியில் தொங்கியது. அதையும் நான் கொஞ்ச நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.