குட்டி என்று ஒதுக்கிய கணவாய்

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரம். கரும்பு வெட்டு கம்மியானதும் நானும் அண்ணியும் கடலூர் பக்கம் கணவாய் மீன் சுத்தம் செய்யும் ஷெட்டுக்குப் போனோம். என் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் இருந்தும் அண்ணிக்கு உதவியில்லை. ஷெட் ஓடினால்தான் எங்களுக்குச் சோறு.

ஐஸுக்குள் கை விட்டு எடுக்கணும். தலையை இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வரும். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தகடு இருக்கும். அதை உருவி, தோலை உரிக்கணும். பெருசு ஒரு கூடை. அது வெளிநாடு போகும். சின்னது ஒரு கூடை. அதைக் குட்டி என்போம்; விலை கம்மி. விரல் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். சோறு பிசைந்தால் எரியும்.

ரெண்டாம் வருஷம் பெருசு கம்மி, குட்டி ஜாஸ்தி. ஆளைக் குறைப்பார்களோ என்று பயம்.

"இவ்ளோ குட்டி வருதுன்னா வர்ற வருஷம் அத்தனையும் பெருசாயி வரும். யாரையும் நிறுத்தல, போங்க," என்றார் முதலாளி. நாங்கள் நம்பினோம். அவரும் நம்பித்தான் சொன்னார்.

ஒரு நாள் குட்டியின் வயிற்றில் முட்டை இருந்தது.

"அண்ணி, இங்க பாருங்க. குட்டிக்குள்ள முட்டை."

"பால்குடி மறக்கல, அதுக்குள்ள புள்ளத்தாச்சியா? உன்ன மாதிரியே சின்ன வயசுல கட்டிக்குடுத்துட்டாங்க போலடி."

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பிறகு காலேஜ் பெண் ஒருத்தி ஆராய்ச்சிக்கென்று வந்தாள். ரெண்டு கூடையிலிருந்தும் கணவாய் எடுத்து, அதன் கால் நுனியை வெட்டி பாட்டிலில் போட்டுக்கொண்டு போனாள். மறுபடி வந்தபோது எங்கள் எதிரிலேயே முதலாளியிடம் சொன்னாள்.

"சார், இது குட்டி இல்லைங்க. வேற இனம். டி.என்.ஏ. பாத்ததுலதான் தெரிஞ்சிது. முழுசா வளந்தாலும் இவ்ளோதான்."

"அப்ப வர்ற வருஷம்?"

"இதேதாங்க வரும். பெருசோட குட்டி இதுல ரொம்ப கம்மி."

முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மூஞ்சிதானம்மா."

"எனக்கும் தெரியாதுங்க சார். மெஷினுக்குத்தான் தெரியும்."

பெருசு எத்தனை வருஷமாகக் குறைந்துகொண்டு வந்ததோ. படகிலிருந்து இறங்கும்போது ரெண்டுக்கும் ஒரே பேர், ஒன்றாகத்தான் எடை போடுவார்கள். மொத்த எடை குறையவில்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை.

அந்த மாதமே கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்தினார்கள். அதில் நாங்கள் ரெண்டு பேரும். முதலாளி திட்டவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அண்ணி, "வளந்துட்டேன்னு முட்டைய காட்டிச்சே, பாவம். நாமதான் சிரிச்சிக்கினு இருந்தோம்," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "வூட்டுக்குப் போயி இன்னாடி பண்றது?" என்றாள்.

போன வாரம் கள்ளக்குறிச்சி மீன் கடையில் வேலை கேட்கப் போனேன். ஐஸ் மேல் அதே சின்னக் கணவாய். கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினேன். உள்ளே முட்டை.

"இப்ப குட்டிதாம்மா வருது," என்றார் கடைக்காரர். "இதுக்கெல்லாம் ஆள் எதுக்கு? பெருசாயி வரட்டும். அப்ப வா."

"சரிங்க," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.